ஒளிப்படத் தகட்டு முறையின் வரலாறும் விடுபட்ட பெயர்களும் (1925–1957)

1950ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் செசில் பாவெலுக்கு வழங்கப்பட்டது. அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. அணுக்கரு நிகழ்வுகளை ஒளிப்படத் தகட்டில் பதிவுசெய்து ஆராயும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். அம்முறையால் மீசான் துகள்களைப் பற்றிய புதிய உண்மைகளைக் கண்டறிந்தார். இரண்டாவது காரணத்தில் ஐயப்பட ஒன்றுமில்லை. முதல் காரணத்துக்கோ கால் நூற்றாண்டு முன்வரலாறு உண்டு. வியன்னாவில் சம்பளமின்றி உழைத்த மரியெட்டா ப்ளாவிடம் தொடங்கி, கல்கத்தாவின் பிபா சௌத்ரி வழியாக பிரிஸ்டலை வந்தடையும் வரலாறு அது. அறிவியலில் பெண்களுக்கு உரிய பெருமை மறுக்கப்பட்ட கதைகள் பெரும்பாலும் பரிசு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே சொல்லப்படுகின்றன. இவ்விருவர் விஷயத்தில் இழப்பு அதற்கு வெகு முன்பே, பதவியிலும் கருவியிலும் பரிந்துரையிலும் நடந்து முடிந்துவிட்டது என்பதே இக்கட்டுரை நிறுவ முயல்வது.

முறையின் அடிப்படை எளிது. ஒளிப்படத் தகட்டில் கண்ணாடியின் மேல், ஜெலட்டினில் கலந்த வெள்ளி புரோமைடு நுண்மணிகள் பால்மமாகப் பூசப்பட்டிருக்கும். மின்னூட்டம் கொண்ட துகள் அதை ஊடுருவும்போது வழியிலுள்ள மணிகளைத் தூண்டிவிடும். தகட்டைக் கழுவியதும் அந்த மணிகள் கருத்து, துகள் சென்ற தடம் நுண்ணோக்கியில் புள்ளிவரிசையாகத் தெரியும். கனத்த ஆல்ஃபா துகளின் தடத்தை முதல் உலகப் போருக்கு முன்பே கண்டிருந்தார்கள். புரோட்டானின் தடம் அதைவிட மெலிதானது. தகட்டில் இயல்பாகவே படியும் மூட்டத்திலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். 1925இல் அதைச் செய்துகாட்டியவர் ப்ளாவ்.

1894இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த ப்ளாவ், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 1919இல் முனைவர் பட்டம் பெற்றார். பெர்லினில் எக்ஸ்-கதிர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையிலும், பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டில் மருத்துவ இயற்பியல் நிறுவனத்திலும் ஊதியத்தோடு வேலை பார்த்தவர், தாயின் உடல்நலம் கெட்டதால் 1923இல் ஊர் திரும்பினார். அன்றிலிருந்து 1938 வரை, பதினைந்து ஆண்டுகள், வியன்னா ரேடியம் ஆய்வு நிறுவனத்தில் அவர் பார்த்த வேலைக்கு நிரந்தரப் பதவியும் இல்லை, முறையான ஊதியமும் இல்லை. குடும்பத்தின் ஆதரவிலும், இடையிடையே கிடைத்த சில்லறைப் பணிகளிலும், ஆஸ்திரியப் பல்கலைக்கழக மகளிர் சங்கத்தின் உதவித்தொகையிலும் காலம் தள்ளினார். ஒருமுறை பதவி கேட்டபோது, பெண்ணாகவும் யூதராகவும் இருப்பவருக்கு அது ஆகாது என்ற பொருளில் பதில் வந்ததை அவரது வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர் செய்தது ஒரே ஒரு கண்டுபிடிப்பு அன்று. ஒரு கருவியையே படிப்படியாக உருவாக்கியது. முதலில் மாணவியாக வந்து பிறகு துணையாய்வாளரான ஹெர்த்தா வம்பாக்கருடன் சேர்ந்து, எந்தச் சாயம் சேர்த்தால் மூட்டம் குறையும், எந்த அளவு தடிமனில் தடம் முழுதாக விழும், கழுவும்போது தடித்த பால்மம் எப்படிச் சிதையாமலிருக்கும் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தார். இங்கிலாந்தின் இல்ஃபோர்டு நிறுவனத்தோடு தொடர்புகொண்டு, தடித்த பால்மம் பூசிய தகடுகளைச் செய்து வாங்கினார். 1932இல் நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதும், மின்னூட்டமில்லாத அத்துகளை அது மோதித் தள்ளும் புரோட்டானின் தடத்தைக் கொண்டே அளக்கலாம் என்று இருவரும் காட்டினார்கள்.

1937இல் இன்ஸ்ப்ரூக் நகருக்கு மேலே, ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில், ஹாஃபெலேகார் மலையில் விக்டர் ஹெஸ் அமைத்திருந்த காஸ்மிக் கதிர் நிலையத்தில் தங்கள் தகடுகளை மாதக்கணக்கில் வைத்தார்கள். திரும்ப எடுத்துப் பார்த்தபோது ஒரே புள்ளியிலிருந்து பல தடங்கள் நாற்புறமும் சிதறியிருந்தன. பால்மத்திலிருந்த ஓர் அணுக்கருவைக் காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று மோதி உடைத்திருந்தது. சிதைவு விண்மீன்கள் என்று அவை பெயர் பெற்றன. 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. அவ்வாண்டே ஆஸ்திரியாவின் லீபென் பரிசு இருவருக்கும் கிடைத்தது. தகடு என்பது தடத்தைக் காட்டும் பொருள் மட்டுமல்ல, மலையுச்சியில் ஆளின்றி மாதக்கணக்கில் காவலிருந்து அரிய நிகழ்வைப் பிடித்துவைக்கும் கருவி என்பது அன்று உறுதியானது. பத்தாண்டு கழித்து பிரிஸ்டல் குழு பிக் தி மிடி சிகரத்துக்குத் தகடுகளை எடுத்துச் சென்றது இதே வழியில்தான்.

1938 மார்ச்சில் ஜெர்மன் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த வேளையில் ப்ளாவ் ஆஸ்லோவுக்குப் புறப்பட்டார். அங்கே அவருக்கு இடம் தந்தவர் எல்லென் கிளெடிட்ஷ் என்ற நார்வே வேதியியல் பேராசிரியை. பிறகு ஐன்ஸ்டைன் எடுத்த முயற்சியால் மெக்சிகோ நகரில் ஆசிரியப் பணி அமைந்தது. அங்கு போகும் வழியில் வான்கப்பல் ஹாம்பர்கில் இறங்கியபோது அவருடைய ஆய்வுக் குறிப்புகள் பறிமுதலாயின. அவற்றில் அடுத்த கட்டத் திட்டங்கள் இருந்தன. வியன்னாவில் நாஜிக் கட்சி உறுப்பினரான வம்பாக்கர், அதே அணியைச் சேர்ந்த கேயோர்க் ஷ்டெட்டருடன் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். மெக்சிகோவில் ப்ளாவுக்கு வகுப்புகள் நிறைய இருந்தன. ஆய்வகம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. முறையை உருவாக்கியவர் அதன் மிக வளமான பத்தாண்டில் அதற்கு வெளியே நிற்க நேர்ந்தது.

இந்தியப் பகுதி அந்த 1938இலேயே தொடங்குகிறது. கல்கத்தாவில் அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்கு வந்திருந்த ஜெர்மன் இயற்பியலாளர் வால்டர் போத்தேயுடன் நடந்த உரையாடல், காஸ்மிக் கதிர் ஆய்வுக்கு ஒளிப்படத் தகடுகளைப் பயன்படுத்தும் எண்ணத்தை தேவேந்திர மோகன் போஸுக்கு ஊட்டியது. ஜகதீஷ் சந்திர போஸின் சகோதரி மகனான அவர் அப்போதுதான் போஸ் ஆய்வு நிறுவனத்தின் தலைமைக்கு வந்திருந்தார். அவரிடம் ஆய்வு செய்தவர் பிபா சௌத்ரி. 1913இல் பிறந்து, 1936இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை முடித்த அவர்தான் அவ்வகுப்பில் ஒரே பெண். பெண்களுக்கு ஏற்ற ஆய்வுப் பொருள் தன்னிடம் இல்லை என்று போஸ் முதலில் தயங்கினார். சௌத்ரியின் விடாப்பிடிக்குப் பிறகே சேர்த்துக்கொண்டார்.

டார்ஜிலிங், அதற்கும் மேலே சந்தக்ஃபூ, திபெத்தின் ஃபாரி ஜோங் ஆகிய உயரங்களில் தகடுகள் வைக்கப்பட்டன. தடத்தில் மணிகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன, தடம் எவ்வளவு வளைந்து விலகுகிறது என்ற இரண்டையும் சேர்த்து அளந்தால் துகளின் நிறையைக் கணிக்கலாம் என்பது போஸ்–சௌத்ரி இணையின் முக்கியமான எண்ணம். கனத்த புரோட்டான் நேராகச் செல்லும். இலேசான மீசான் வழியில் அலைக்கழிந்து போகும். அப்போது மீசோட்ரான் எனப்பட்ட துகளின் நிறையை எலக்ட்ரானின் நிறையைப்போல் இருநூறு மடங்கையொட்டி அவர்கள் கணித்தார்கள். 1940 முதல் 1942 வரை 'நேச்சர்' இதழில் கட்டுரைகள் தொடர்ந்து வந்தன.

இங்கே நிதானம் தேவை. பாவெலுக்கு முன்பே பயான் துகளை பிபா சௌத்ரி கண்டுபிடித்துவிட்டார் என்று அண்மையில் பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று, மிகைப்புகழ் அவருக்குச் செய்யும் நன்மை எதுவுமில்லை. மீசான் ஒன்றல்ல, பயான், மியுயான் என இரண்டு வகை; முதலாவது சிதைந்து இரண்டாவதாகிறது என்பதைக் காட்டினால்தான் கண்டுபிடிப்பு முழுமையாகும். அதைக் காட்டியது 1947இல் பிரிஸ்டல் குழு. தகட்டுத் தடத்தில் மீசானையும் புரோட்டானையும் பிரித்தறிந்து நிறை கணிக்கும் வழியை முதலில் வகுத்ததும், அதை உயர்மலைத் தகடுகளில் செயல்படுத்தியதும் போஸும் சௌத்ரியும். பாவெலும் அவருடைய சகாக்களும் 1959இல் எழுதிய பெருநூலில் இவர்களது பணியைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த முன்னுரிமை ஆதாரத்தோடு நிற்பது. அதுவே போதுமான அளவு பெரியது.

அடுத்த படி ஏன் கல்கத்தாவில் நடக்கவில்லை என்பதற்கு விடை தகட்டில் இருக்கிறது. அவர்களிடம் இருந்தவை அரைச்செறிவுத் தகடுகள். இன்னும் செறிவான, உணர்திறன் மிக்க தகடுகள் போர்க்காலத்தில் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்திலோ போர் முடிந்த கையோடு, அரசின் ஆதரவில், வெள்ளி புரோமைடு பன்மடங்கு கூடிய புதிய பால்மத்தை இல்ஃபோர்டு செய்து கொடுத்தது. பாவெல் குழு அதை உடனே கையில் எடுத்தது. வியன்னாவில் ப்ளாவ் தொடங்கிவைத்த அதே தகட்டுச் செய்முறை, அதே நிறுவனத்தின் வழியே, மூன்றாமவர் கைக்குப் போனது. சௌத்ரி 1945இல் மான்செஸ்டருக்குச் சென்று பேட்ரிக் பிளாக்கெட்டின் ஆய்வகத்தில் காஸ்மிக் கதிர்ப் பொழிவுகளை ஆராயத் தொடங்கியபோது தகட்டு முறையை விட்டு விலகியிருந்தார்.

பிரிஸ்டலிலும் பெண்கள் இருந்தார்கள். தகட்டை நுண்ணோக்கியின் கீழ் அங்குலம் அங்குலமாகத் துழாவித் தடம் தேடுவது கண்ணையும் பொறுமையையும் உண்ணும் வேலை. அதற்கெனவே பெண்கள் அமர்த்தப்பட்டனர். பயான் சிதைவின் முதல் தடங்களைத் தகட்டில் கண்டவர் மரியெட்டா குர்ஸ் என்ற அத்தகைய ஒரு பணியாளர். 1948இல், ஆய்வு மாணவியான 22 வயது ரோஸ்மேரி பிரௌன், மூன்று பயான்களாகச் சிதையும் ஒரு விசித்திரத் துகளின் தடத்தைப் பார்த்தார். 1949 தொடக்கத்தில் வெளிவந்த கட்டுரையில், அகரவரிசைப்படி, அவர் பெயரே முதலில் நின்றது. அதன்பின் திருமணம், மூன்று பெண் குழந்தைகள்; ஆய்வுலகை விட்டார். 2024இல், 98ஆம் வயதில், பிரிஸ்டல் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

அந்தத் துகளுக்கு ஒரு பின்கதையும் உண்டு. அதே நிறையுள்ள இன்னொரு துகள் இரண்டு பயான்களாகவே சிதைந்தது. இரண்டும் ஒன்றா வேறா என்ற புதிரிலிருந்துதான், இயற்கை இடம்–வலம் பேதம் பாராட்டாது என்ற கொள்கையையே கோட்பாட்டு இயற்பியலாளர்களான லீயும் யாங்கும் 1956இல் ஐயப்பட்டார்கள். கோபால்ட்-60 அணுக்கருக்களைக் கடுங்குளிரில் வைத்து அந்த ஐயம் சரியென்று நிரூபித்தவர் சியன்-ஷியுங் வூ என்ற பெண் இயற்பியலாளர். 1957இன் நோபல் லீ, யாங் இருவருக்கு மட்டும். அவ்வாண்டுப் பரிந்துரைகளுக்கான காலக்கெடு வூவின் கட்டுரை அச்சேறும் முன்பே முடிந்துவிட்டது என்பார்கள். அதை ஏற்கலாம். பின்வந்த ஆண்டுகளில் அவர் மீண்டும் மீண்டும் பரிந்துரைக்கப்பட்டும் பரிசு வழங்கப்படாததற்கு அந்த விளக்கம் செல்லாது.

பாவெலின் பரிசுக்குத் திரும்புவோம். அதில் ஆண்களும் விடுபட்டார்களே என்ற வாதம் உண்டு. 1947 பயான் ஆய்வில் பாவெலோடு பங்கேற்ற லாத்தஸுக்கும் ஒக்கியாலினிக்கும் நோபல் கிடைக்கவில்லை, போஸுக்கும் இல்லை. வாதம் நியாயமானது, ஆனால் பரிசுக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பார்த்தால் அது தளர்ந்துபோகிறது. லாத்தஸ் பிரேசிலில் தேசிய நாயகரானார், ஓர் ஆய்வு மையமே அவரைச் சுற்றி எழுந்தது. ஒக்கியாலினி இத்தாலியில் பேராசிரியராகி 1979இல் வுல்ஃப் பரிசு பெற்றார். போஸ் நிறுவனத் தலைவராகப் பல்லாண்டு நீடித்தார். அதே கட்டுரைகளில் அவரோடு பெயர் சேர்ந்திருந்த சௌத்ரியை இந்தியாவின் மூன்று தேசிய அறிவியல் கழகங்களில் ஒன்றுகூட உறுப்பினராக்கவில்லை. பரிசு இல்லாமலும் ஓர் ஆய்வாளருக்கு மதிப்பு சேரும். சேர வேண்டிய வழிகளெல்லாம் ப்ளாவ், சௌத்ரி இருவருக்கும் அடைபட்டிருந்தன.

ப்ளாவையும் வம்பாக்கரையும் எர்வின் ஷ்ரோடிங்கர் நோபலுக்குப் பரிந்துரைத்தது 1950இல்தான், அதாவது பாவெல் வென்ற ஆண்டிலேயே. வம்பாக்கர் அவ்வாண்டு ஏப்ரலில் இறந்தார். ப்ளாவுக்குப் பின்னர் வந்த பரிந்துரைகளும் பலிக்கவில்லை. தனக்கென மாணவர் பரம்பரையோ துறையோ நாடோ இல்லாதவருக்காகத் தொடர்ந்து வாதிட யாருமில்லை. புகழ் பெற்றவருக்கே மேலும் புகழ் சேரும் போக்கை ராபர்ட் மெர்ட்டன் 1968இல் விளக்கி, 'மத்தேயு விளைவு' என்று பெயரிட்டார். அக்கட்டுரைக்கு ஆதாரமான நேர்காணல்களைச் செய்தவர் ஹேரியட் சக்கர்மன். அது இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் என்று மெர்ட்டனே பிறகு ஒப்புக்கொண்டார். பெண்களின் பணி ஆண்கள் கணக்கில் சேர்வதற்கு மார்கரெட் ராசிட்டர் 1993இல் 'மட்டில்டா விளைவு' என்று பெயர் சூட்டியபோது இந்த நிகழ்வையும் சான்றாகக் காட்டினார்.

ப்ளாவ் 1944இல் அமெரிக்கா போய், கொலம்பியா, புரூக்ஹேவன், மயாமி என இடம் மாறி உழைத்தார். 1960இல் கண் சிகிச்சைக்காக வியன்னா திரும்பியவர், தம் பழைய ரேடியம் நிறுவனத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்துத் தகடுகளை ஆராயும் குழுவை நடத்தினார், இம்முறையும் ஊதியமின்றி. 1962இல் ஆஸ்திரிய அறிவியல் கழகம் ஷ்ரோடிங்கர் பரிசைத் தந்தது. உறுப்பினராக்கும் முயற்சி அக்கழகத்தில் தோற்றது. 1970இல் இறந்தார்.

சௌத்ரி 1949இல் தாயகம் திரும்பினார். ஹோமி பாபா அவரை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். அங்கே பணியேற்ற முதல் பெண் ஆய்வாளர் அவரே. பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நடந்த காஸ்மிக் கதிர்ச் சோதனைகளிலும் அவருக்குப் பங்குண்டு. அகமதாபாத் ஆய்வகத்தை நிறுவிய விக்ரம் சாராபாயின் மறைவுக்குப் பின், அபு மலையில் சௌத்ரி நடத்த எண்ணிய ஆய்வுக்கு இசைவு கிடைக்கவில்லை. விருப்ப ஓய்வு பெற்றுக் கல்கத்தா போனார். 1991இல் இறக்கும்வரை ஆய்வுக் கட்டுரை எழுதுவதை நிறுத்தவில்லை. இந்தியப் பெண் அறிவியலாளர் ஏறத்தாழ நூறு பேரைப் பற்றி 2008இல் வெளிவந்த 'லீலாவதியின் மகள்கள்' தொகுப்பில் அவர் பெயர் இல்லை. அவரது வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து மீட்டு ரஜிந்தர் சிங்கும் சுப்ரகாஷ் ராயும் நூலாக்கியது 2018இல். அடுத்த ஆண்டே பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒரு விண்மீனுக்கு பிபா என்று பெயரிட்டது. அறிவியல் கழகங்களின் உறுப்பினர் பட்டியலில் சேர்க்க அப்போது காலம் கடந்திருந்தது. அவை உயிருடன் இருப்பவர்களையே தேர்ந்தெடுக்கின்றன.