கோடம்பாக்கக் காலம் – 17: பேனாவை மூடத் தெரிந்தவர்

வசனகர்த்தா என்றால் 1950-களில் எப்பேர்ப்பட்ட மரியாதை இருந்தது என்பதை இன்றைய இளைஞர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ‘பராசக்தி’ (1952) படத்தின் வசனம் புத்தகமாக அச்சாகி விற்றது. கோர்ட் சீனை மனப்பாடமாக ஒப்பித்த மாணவர்கள் ஊர் ஊருக்கு இருந்தார்கள். அந்த அலை ஓங்கியிருந்த நேரத்தில் பேனாவோடு வந்தவர் ஸ்ரீதர். வசனத்தால் பெயர் வாங்கியவர், டைரக்டர் ஆனதும் வசனத்தைக் குறைத்துக்கொண்டே போனார். தமிழ் சினிமாவுக்கு அவர் செய்த பெரிய காரியம் அதுதான் என்பது என் கட்சி.

1933-ல் பிறந்த ஸ்ரீதர் செங்கல்பட்டில் படித்தவர். கோபு அவருக்குப் பள்ளித் தோழர். பின்னாளில் ‘சித்ராலயா’ கோபு என்று நாடறிந்தவர். ஸ்ரீதர் எழுதிய ‘ரத்தபாசம்’ நாடகத்தை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள், 1954-ல் அது படமாகவும் வந்தது. ஆசிரியருக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது! அதே ஆண்டில் ‘எதிர்பாராதது’. அடுத்து வீனஸ் பிக்சர்ஸில் பங்குதாரராகச் சேர்ந்து ‘அமரதீபம்’ (1956), ‘உத்தமபுத்திரன்’ (1958). இரண்டுக்கும் டைரக்டர் டி. பிரகாஷ்ராவ், எழுத்து ஸ்ரீதர்.

1959 ஏப்ரலில் வந்த ‘கல்யாண பரிசு’தான் அவர் இயக்கிய முதல் படம். ஒருவனை அக்காவும் தங்கையும் நேசிக்கிறார்கள், தங்கை விட்டுக்கொடுக்கிறாள். ஜெமினி கணேசன், சரோஜாதேவி, விஜயகுமாரி. பாடகர் ஏ.எம். ராஜாவைத் துணிந்து தமிழில் இசையமைப்பாளர் ஆக்கினார் ஸ்ரீதர். கேமரா ஏ. வின்சென்ட். மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்றும், எழுத்தாளர் பைரவன் தானே என்றும் மனைவியிடம் அளந்துவிடும் தங்கவேலுவை மக்கள் இன்னும் மறக்கவில்லை. வசனம் எழுதத் தெரிந்தவரின் கை அங்கே முழுசாகத் தெரிகிறது. கடைசிக் காட்சிக்கு வாருங்கள். மனைவியை இழந்தவன் கைக்குழந்தையோடு பழைய காதலியைத் தேடி ஓடிவருகிறான். அதற்குள் அவள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. குழந்தையைக் கல்யாணப் பரிசாக அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்து போய்விடுகிறான். அந்தக் காலத்து வழக்கப்படி அங்கே இரண்டு பக்கத்துக்குப் புலம்பல் வந்திருக்க வேண்டும். சோகத்தைப் பாட்டும் நடந்து போகிற உருவமும் சுமக்கட்டும் என்று எழுத்தாளர் ஒதுங்கிக்கொண்டார்.

படம் தெலுங்குக்கும் இந்திக்கும் போனது. ‘பெள்ளி கானுக’, ‘நஸ்ரானா’ இரண்டையும் ஸ்ரீதரே இயக்கினார். 1961-ல் சொந்தக் கம்பெனி, சித்ராலயா. முதல் படம் ‘தேன் நிலவு’. யூனிட்டைக் காஷ்மீர் வரை கூட்டிப் போய் எடுத்தார்கள்.

அப்படிக் காஷ்மீர் போய் வந்தவர் 1962-ல் ஓர் ஆஸ்பத்திரி செட்டுக்குள் முழுப் படத்தையும் அடக்கினார். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. அந்தக் காலத்து ஸ்டூடியோ நடைமுறை தெரிந்தால்தான் இதன் அருமை விளங்கும். ஃப்ளோருக்கு வாடகை உண்டு. பங்களா செட் போட்டு, எடுத்து முடித்துப் பிரித்து, அடுத்த செட்டுக்கு ஆசாரிகள் பலகை அறுக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய நடிகரின் கால்ஷீட் கிடைக்காவிட்டால் போட்ட செட் சும்மா நிற்கும். வட்டி மட்டும் ஏறும். ஒரே செட், பெரிய ஸ்டார் இல்லாத நடிகர் கூட்டம் என்று கதையை எழுதும்போதே முடிவு செய்துவிட்டால் இந்தத் தொல்லைகளில் பாதி போய்விடும். ஏறக்குறைய ஒரே மாதத்தில் படம் முடிந்தது.

கதையில் மூன்றே பேர்தான் முக்கியம். புற்றுநோயோடு வந்து சேரும் கணவன் முத்துராமன், மனைவி தேவிகா, அவளுடைய பழைய காதலனான டாக்டர் கல்யாண்குமார். நான் செத்தால் இவரைக் கட்டிக்கொள் என்று கணவனே மனைவியிடம் சொல்கிறான். 1962-ல் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அரங்கில் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சொன்னதைவிடச் சொன்ன விதம் பெரிது. ஒருவர் பேசும்போது கேட்பவர் முகத்தில் நிற்கிறது கேமரா. ஒரு சின்ன அறையை எத்தனை கோணத்தில் காட்ட முடியுமோ அத்தனையிலும் காட்டினார் வின்சென்ட். கேமரா கட்டிலுக்கு அடியில்கூட நுழைந்தது. கணவனைப் பிழைக்கவைத்துவிட்டு டாக்டர் உயிரை விடுகிறார். தியாகம் கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மூவரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். வில்லனே இல்லாமல் இரண்டரை மணி நேரம் ஜனங்களைக் கட்டிப்போட்டார் ஸ்ரீதர். மறு ஆண்டு இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’.

1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’. ஈஸ்ட்மென் கலர், முழு நீள நகைச்சுவை, கூட எழுதியவர் கோபு. சினிமா எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டு நச்சரிக்கும் பிள்ளையாக நாகேஷ், அப்பா பாலையா. கம்பெனி பெயர் ஓஹோ புரொடக்‌ஷன்ஸ். பாலையாவுக்கு நாகேஷ் பேய்க் கதை சொல்லும் அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. பேய் இல்லை, இருட்டு இல்லை. நாகேஷ் வாயாலேயே சத்தங்களை எழுப்பி அங்குமிங்கும் பதுங்கி வருகிறார். உட்கார்ந்த இடத்திலேயே பாலையா நடுங்கிக் குறுகுகிறார். கேட்பவர் முகத்தைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். ஆஸ்பத்திரி அறையில் நம்மை அழவைத்த அதே உத்தி. ஸ்ரீதரே இயக்கிய இந்திப் பதிப்பு ‘பியார் கியே ஜா’வில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் அதைச் செய்தார்கள், அங்கும் அரங்கம் அதிர்ந்தது.

அதற்குப் பின் வந்தவற்றை வேகமாகவே சொல்லிவிடலாம். ‘வெண்ணிற ஆடை’ (1965) ஜெயலலிதாவைத் தமிழில் நாயகியாக்கியது. படத்துக்கு ‘ஏ’ சர்டிபிகேட். எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய ‘அன்று சிந்திய ரத்தம்’ நின்றுபோனது. சிவாஜியோடு வெளிநாடு போய் ‘சிவந்த மண்’ (1969) எடுத்தார். பிரம்மாண்டம் இருந்தது, எனக்குப் பிடித்த ஸ்ரீதர் அதில் குறைவு. பிறகு பணக் கஷ்டம். அதிலிருந்து அவரைத் தூக்கிவிட்டது எம்.ஜி.ஆர். நடித்த ‘உரிமைக்குரல்’ (1974). ரஜினி, கமல் காலத்திலும் ‘இளமை ஊஞ்சலாடுகிறது’ (1978) என்று ஓடக்கூடிய காதல் கதையை அவரால் தர முடிந்தது. 2008 அக்டோபரில் காலமானார்.

‘ஸ்ரீதர் படம்’ என்று சொல்லி ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். டைரக்டர் பெயரைச் சொல்லிக் கூட்டம் சேர்வது அன்று அபூர்வம். அந்தப் புகழில் கணிசமான பங்கு வின்சென்டுக்குச் சேர வேண்டும். ‘காதலிக்க நேரமில்லை’ வந்த அதே 1964-ல் அவர் மலையாளத்துக்குப் போய் ‘பார்கவி நிலையம்’ படத்தை இயக்கினார். வாயால் சொன்ன பேய்க் கதையைப் படம்பிடித்தவர், அங்கே ஒரு நிஜப் பேய் வீட்டையே திரையில் கட்டினார். அது அடுத்த வாரம்.