வீட்டை மறைக்கச் சொன்னவங்க

கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2007 மே மாசம் அமெரிக்காவுல அஞ்சு நகரங்கள்ல தொடங்குச்சு. கார் மேல கேமராவை வச்சு தெருத்தெருவா எடுத்த படங்கள். ரோட்டுல போனவங்க முகமெல்லாம் அப்படியே தெரிஞ்சது. எதிர்ப்பு வந்த பிறகு, 2008-லதான் கம்ப்யூட்டரே முகத்தைக் கண்டுபிடிச்சு மங்கலாக்க ஆரம்பிச்சாங்க. (பின்னாடி கேம்பிரிட்ஜ்ல ஆத்தோரம் நின்ன ஒரு மாட்டோட முகத்தையும் அது மறைச்சு வச்சிருந்தது. மாடு வளர்க்கிறவனுக்கு சிரிப்பு வராதா?)

முகத்தை மறைச்சாங்க சரி, வீடு தெரியுதே! 2009-ல இங்கிலாந்துல பிராட்டன்ங்கிற கிராமத்து சனங்க அந்தக் காரை ஊருக்குள்ள விடாம மறிச்சுட்டாங்க. ஏற்கெனவே அங்க திருட்டு நடந்திருந்தது. படத்தைப் பார்த்து இன்னும் திருடன் வருவான்னு பயம். நியாயமான பயம்தான்.

ஜெர்மனியில 2010-ல 20 நகரங்களோட படம் வெளியாகறதுக்கு முன்னாடியே, சுமார் 2,44,000 வீட்டுக்காரங்க தங்க வீட்டை மறைக்கச் சொல்லிட்டாங்க. மறைச்சும் கொடுத்தாங்க. ஆனா எஸ்ஸென் நகரத்துல அப்படி மறைச்ச சில வீடுகள் மேல யாரோ முட்டையை வீசிட்டுப் போனாங்க. ஒளிஞ்சுக்கப் போய், அந்த வீடே தனியா அடையாளமாயிடுச்சு.

நம்ம நாட்டுல 2022 ஜூலையில வந்த 10 நகரங்கள்ல சென்னையும் ஒண்ணு. உங்க வாசலும் அதுல இருக்கலாம். மறைக்கச் சொல்ல வழி இருக்கு. ஆனா ஒருதடவை மறைச்சா திரும்ப எடுக்க மாட்டாங்க.