வாட்டும் ரோஸ்ட்டும்: ஒரு விருந்துப் பறவையின் சொல்வரலாறு

கேரளத்து உணவகங்களில் 'தாறாவு ரோஸ்ட்' எனப்படுவதும் ஆங்கிலேயர் 'ரோஸ்ட் டக்' என்பதும் ஒரே உணவன்று. முன்னது துண்டுகளாக வெட்டப்பட்டு, மிளகும் வெங்காயமும் சேர்ந்த மசாலாவில் வெந்து, தேங்காயெண்ணெயில் நீர் வற்றச் சுருள்வது; சிரியன் கிறித்தவர் இல்லங்களில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் விருந்தினர்முன் வைக்கப்படுவது. பின்னது முழுப்பறவை. மூடிய அடுப்பின் உலர்வெப்பத்தில் தன் கொழுப்பிலேயே வெந்து, பழச்சாற்றுப் பாகு பூசப்பெற்று, வெட்டப்படாமலே மேசைக்கு வருவது. இங்கு சொல் கடன் வாங்கப்பட்டது, செய்முறை வாங்கப்படவில்லை. முறுகலான தோசைக்கும் 'ரோஸ்ட்' என்றே பெயரிட்ட தமிழருக்கு இது வியப்பளிக்காது.

இத்தகைய சொற்பெயர்ச்சிகளைக் காண ஏற்ற இடம் காந்தலூர். (இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச்சாலை வேறு, அது தென்கேரளத்தைச் சார்ந்தது.) மறையூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகியவற்றுடன் சேர்ந்து அஞ்சுநாடு எனப்பட்ட இம்மலைப்பகுதியில் ஆட்சிமொழி மலையாளம், பழங்குடியிருப்புகளின் வீட்டுமொழி தமிழ். அதே பறவை ஒரு மொழியில் தாறாவு, மற்றதில் வாத்து. ஆரஞ்சும் ஆப்பிளும் பிளம்ஸும் இங்கு விளைகின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர்ச் சர்க்கரை அருகிலேயே காய்ச்சப்படுகிறது. பழப்பாகுக்கு வேண்டிய அனைத்தும் உண்டு. எனினும் பழப்பாகு பூசிய முழு வாத்து இம்மண்ணின் மரபுணவாகவில்லை. அது ஏன் என்பதே கேள்வி.

பறவையைத் தீயில் வாட்டி விருந்தினர்க்கு இடுவது தமிழருக்குப் புதிதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், வழிச்செல்லும் பாணருக்கு மருதநிலத்து உழவர் வெண்ணெல் சோற்றுடன் வீட்டில் வளர்த்த அளகின் 'வாட்டு' தருவர். அளகு என்பது பெடைக்கோழி. 'வாட்டு' இங்கு வினையன்று, பெயர், உணவின் பெயர். ஆங்கிலத்து 'ரோஸ்ட்' வினையாகவும் பெயராகவும் நிற்பது போன்றதே இது. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையிலும் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி விருந்தாகிறது. உப்புச்சுவை உணவில் பழம் சேர்வதும் பெரும்பாணாற்றுப்படையிலேயே உண்டு: அந்தணர் மனையில் மாதுளங்காய் வெண்ணெயில் மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து சமைக்கப்படுகிறது. ஆக, வாட்டிய பறவையும் சமைத்த கனியும் ஒரே நூலில் இருக்கின்றன. ஆனால் வெவ்வேறு மனைகளில். அவை ஒரே கலத்தில் சேரவில்லை.

சேராமைக்குக் காரணம் சுவைவேறுபாடு மட்டுமன்று, அடுப்பும்தான். வாத்தின் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் உண்டு. திறந்த தணலில் முழு வாத்தை வைத்தால் கொழுப்பு சொட்டித் தீ மூளும். தோல் கருகும், உள்ளே வேகாது. கொழுப்பு மெல்ல உருகி வடிய மிதமான, சீரான வெப்பம் வேண்டும். இனிப்புப் பாகோ விரைவில் கருகுவது. இறுதியில்தான் பூச இயலும். இவற்றுக்கு ஏற்றது மூடிய அடுப்பு. அது தமிழ், மலையாள வீட்டுச் சமையலறையின் கருவி அன்று, ரொட்டிக்கடையின் கருவி. யாழ்ப்பாணத்தில் அதன் பெயரான 'போறணை' போர்த்துக்கேய 'ஃபோர்னோ'விலிருந்து வந்தது. கேரள பேக்கரிகளில் அது 'போர்மா'. இக்கருவி கடைத்தெருவில் நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை. சமையல் வரலாறு எழுதுவோர் மசாலாவைப் பற்றி எழுதிய அளவுக்கு அடுப்பைப் பற்றி எழுதுவதில்லை.

பழப்பாகு பூசிய வாத்துக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பிரான்சின் ஆரஞ்சு வாத்து. கேத்தரின் தெ மெடிசி 1533இல் மணமகளாகச் சென்றபோது இதனை இத்தாலியிலிருந்து கொண்டுசென்றார் என்ற கதை சான்றில்லாதது. சான்றுள்ள பயணம் சொல்லின் பயணம். மலையாளத்து நாரங்ஙா, தமிழின் நாரத்தை ஆகியவற்றோடு உறவுடைய திராவிட வடிவம் ஒன்றே வடமொழியில் நாரங்கமாகி, பாரசீக 'நாரங்', அரபு 'நாரஞ்ச்' வழியாகப் பிரெஞ்சில் 'ஒராஞ்ச்' ஆயிற்று என்பது மொழியியலார் பலரும் ஏற்கும் கருத்து. பறவையின் பெயரோ எதிர்த்திசையில் வந்தது போலும். அரபு 'பத்', பாரசீக 'பத்', இந்துஸ்தானி 'பதக்', தெலுங்கு 'பாது' என்னும் வரிசையில் தமிழ் 'வாத்து'வை வைத்துப் பார்க்க இடமுண்டு. பழத்தின் பெயர் இங்கிருந்து சென்றது, பறவையின் பெயர் அங்கிருந்து வந்தது என்றால், அந்தத் தட்டை 'அந்நியம்' என்று ஒதுக்குவதும் 'எல்லாம் நம்முடையதே' என்று உரிமை கோருவதும் ஒருங்கே பொருளற்றவை. உணவு பற்றிய இன்றைய இணையச் சண்டைகள் பெரும்பாலும் இவ்விரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

மூடிய அடுப்புச் சமையலைத் தமிழகத்தில் உண்மையில் கற்றுத் தேர்ந்தவர்கள் காலனிய இல்லங்களின் சமையற்காரர்களே. 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கென்னி-ஹெர்பர்ட் எழுதிய சென்னைச் சமையற்குறிப்பு நூல் 1878இல் வெளிவந்தது. ஐரோப்பியச் சமையலை இந்திய அடுப்பங்கரையில் செய்விப்பது எப்படி என்று அது ஆங்கிலேய இல்லத்தாருக்குக் கற்பிக்கிறது. சமைப்பவரோ தமிழர். நூல் முழுதும் அவருக்கு ஒரே பெயர்தான்: 'ராமசாமி'. அது எவருடைய பெயருமன்று. எல்லாச் சமையற்காரருக்கும் இடப்பட்ட பொதுப்பெயர். பெரும்பாணாற்றுப்படை புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெயரும் புரவலன் பெயரும் நமக்குத் தெரியும். அளகை வாட்டியவருக்கு அங்கும் பெயரில்லை.