பலாலிக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே

சென்னைக்கு அருகிலுள்ளது மதுரையா, யாழ்ப்பாணமா? நண்பர்களிடையே இவ்வினாவை எழுப்பினோம். ஒருவர் தவறாமல் அனைவரும் மதுரை என்றனர். நிலப்படத்தில் நூல் பிடித்து அளந்தால் மீனம்பாக்கத்திலிருந்து பலாலி ஏறத்தாழ 355 கிலோமீட்டர், மதுரையோ 420. நம் மனம் போடும் கணக்குக்கும் நிலப்படத்துக்கும் இத்தனை வேறுபாடு ஏற்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் எழும்பூரில் ரயிலேறித் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்குவது வழக்கமாயிற்று. படகு ரயில் என்று நம் முன்னோர் அழைத்தது இதைத்தான். ஆயினும் அப்பாதை கொழும்பைக் கருதி அமைந்தது. யாழ்ப்பாணம் செல்வோர் தெற்கே மதவாச்சி வரை சென்று, வேறு ரயில் மாறி, மீண்டும் வடக்கே திரும்ப வேண்டும்.

இச்சுற்றை ஒழித்தது விமானம். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், டகோட்டா வகையைச் சேர்ந்தது, இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது குறிக்கப்பட்ட பலாலியில் இறங்கி, சென்னையை அடைந்தது. விமானத்தின் பெயர் 'சீதா தேவி'. இலங்கையிலிருந்து வான்வழியே வடக்கு நோக்கி வரும் ஊர்திக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்குமா! இலங்கை விடுதலை பெறுவதற்கு இரு திங்கள் முன்னரே இவ்வழி திறந்துவிட்டது என்பதையும் நாம் கருத வேண்டும்.

பின்னர் போர் மூண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் வான்படை அமைத்த பலாலித் தளம் மீண்டும் படைத்தளமாயிற்று. சூழவிருந்த ஊர்களின் மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னும் பல்லாண்டுகள் அவர்களுக்கு நிலம் திரும்பவில்லை. உள்நாட்டு விமானப் பயணமும் அச்சத்துக்குரியதாயிற்று. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2006 ஆகஸ்டில் ஏ9 சாலையும் மூடப்பட்டது.

சாலை திறந்திருந்த நாட்களிலும் யாழ்ப்பாணத்தவர் சென்னை வரும் வழியை எண்ணிப் பாருங்கள். தெற்கே 400 கிலோமீட்டர் போலச் சாலையில் சென்று கொழும்பை அடைதல். கட்டுநாயக்காவில் விமானமேறி ஏறத்தாழ 650 கிலோமீட்டர் வடக்கே பறத்தல். கட்டுநாயக்கா, பலாலி, மீனம்பாக்கம் மூன்றும் அநேகமாக ஒரே நெடுங்கோட்டில் அமைந்தவை. ஆகவே, விட்டுவந்த ஊரை நோக்கியே பறந்து, அதையும் கடந்துதான் அவர் சென்னை சேர வேண்டும். 355 கிலோமீட்டர் ஆயிரத்துக்கும் மேலாகப் பெருகியது இவ்வாறுதான். நோயாளிகளும் முதியோரும் இவ்வழியே வந்து சென்றனர் என்பதை எண்ணுகையில், எண்கள் வெறும் எண்களாக நிற்பதில்லை.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்து சென்றது. நான்கு திங்களில் கொரோனா அதை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்றுதான் மீண்டும் வந்தது.

பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி. மணிக்கு இருநூற்றைம்பது, முந்நூறு கிலோமீட்டர் சென்ற பழைய டகோட்டாவும் இத்தொலைவைக் கடக்க ஒன்றரை மணிக்குமேல் அதிகம் எடுத்திருக்காது.