இருக்கை மறுக்கப்பட்ட வரலாறு: யூதவியல் பல்கலைக்கழகத்துக்குள் வந்த கதை

இன்று ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, இஸ்ரேல் என்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் யூதவியல் ஒரு பாடம். எபிரேய மொழி, தல்மூத், இடைக்கால யூதத் தத்துவம், இத்திஷ் இலக்கியம், நாஜிகளின் யூதப் படுகொலை என்று அதில் பல பிரிவுகள் உண்டு. யூதர் அல்லாதவர்களும் சேர்ந்து படிக்கலாம். ஆனால் இந்தப் பாடம் எளிதாக உள்ளே வந்துவிடவில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே காத்திருந்த பாடம் இது!

மொழி வேண்டும், மக்கள் வேண்டாம்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு எபிரேய மொழி புதிதல்ல. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1540களிலேயே கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்போர்டிலும் எபிரேயத்துக்குப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார். வேடிக்கை என்னவென்றால், அப்போது இங்கிலாந்தில் யூதர்கள் வாழவே அனுமதி இல்லை. 1290ல் வெளியேற்றப்பட்ட அவர்கள் 1650களில்தான் திரும்ப வர முடிந்தது.

காரணம் எளிது. பைபிளின் பழைய ஏற்பாட்டை மூலமொழியில் படிக்கக் கிறிஸ்தவ அறிஞர்களுக்கு எபிரேயம் தேவைப்பட்டது. யூதர்களின் வரலாறோ ஏசுவின் காலத்தோடு முடிந்துவிட்டதாகவே பலரும் கருதினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எழுதியதும் சிந்தித்ததும் பெரும்பாலும் பாடத்திட்டத்துக்கு வெளியிலேயே கிடந்தன.

23 வயது மாணவரின் கட்டுரை

லியோபோல்ட் சுன்ஸ் 1794ல் ஜெர்மனியின் டெட்மோல்ட் நகரில் பிறந்தவர். பெர்லின் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் நூல்களை ஆராயும் முறைகளைக் கற்றார். அதே முறையில் யூத இலக்கியத்தையும் ஏன் ஆராயக்கூடாது என்று கேட்டு 1818ல் ஒரு சிறு நூல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 23. மதநூல் மட்டுமல்ல, சட்டம், கணிதம், வானியல், கவிதை, வணிகம் எல்லாமே அந்த இலக்கியத்தில் இருக்கின்றன என்பது அவர் வாதம். யூதர்கள் வேகமாக ஜெர்மன் மொழிக்கு மாறிவருவதால் எபிரேய நூல்கள் நாளடைவில் அரிதாகிவிடும், அதற்குள் இந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்றும் சொன்னார்.

மறு ஆண்டே ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் யூதர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அந்த 1819 நவம்பரில் சுன்ஸும் நண்பர்களும் பெர்லினில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். யூதப் பண்பாட்டையும் அதைப் பற்றிய ஆய்வையும் வளர்ப்பது அதன் நோக்கம். சட்ட அறிஞர் எடுவார்ட் கான்ஸ் அதன் தலைவராக இருந்தார். கவிஞர் ஹைன்ரிக் ஹைனேவும் அதில் உறுப்பினர்.

சங்கம் ஐந்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. தகுதியுள்ள யூதர்கள் பல்கலைக்கழகப் பதவிக்கு வரலாம் என்று பிரஷ்யா 1812ல் சட்டம் போட்டிருந்தது. கான்ஸ் பதவி கேட்டு நின்றபோது, 1822ல் அந்த உரிமையையே அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. 1825ல் கான்ஸும் ஹைனேவும் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார்கள். அதன்பின் கான்ஸுக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. சுன்ஸ் மதம் மாறவில்லை. பதவியும் கிடைக்கவில்லை.

ஆய்வே ஆயுதம்

பத்திரிகை அலுவலகத்திலும் பள்ளிகளிலும் வேலை பார்த்துக்கொண்டே சுன்ஸ் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். யூத வழிபாட்டில் ஜெர்மன் மொழியில் பிரசங்கம் செய்வது புதுமை என்று சொல்லி அரசு அதை 1823ல் தடுத்திருந்தது. மக்கள் பேசும் மொழியில் பிரசங்கம் செய்வது யூதர்களின் பழங்கால வழக்கம்தான் என்று 1832ல் வெளிவந்த பெரிய நூலில் அவர் நிறுவினார். யூதர்கள் கிறிஸ்தவப் பெயர் வைக்கக்கூடாது என்று அடுத்த உத்தரவு வந்தது. யூதர்கள் பல நூற்றாண்டுகளாகக் கிரேக்க, லத்தீன் பெயர்களையும் பிறமொழிப் பெயர்களையும் வைத்துவந்ததை 1837ல் இன்னொரு நூலில் காட்டினார்.

1848ல் ஐரோப்பாவெங்கும் புரட்சி. சம உரிமை வரும் என்ற நம்பிக்கை பிறந்தது. பெர்லின் பல்கலைக்கழகத்தில் யூத வரலாறு, இலக்கியத்துக்கு ஓர் இருக்கை, அதாவது நிரந்தரப் பேராசிரியர் பதவி, வேண்டும் என்று சுன்ஸ் அரசிடம் விண்ணப்பித்தார். பல்கலைக்கழகத்தின் தத்துவப் புலம் மறுத்துவிட்டது. இப்படி ஓர் இருக்கை வந்தால் யூதர்களின் தனித்தன்மை வலுப்படும், அது பல்கலைக்கழகத்தின் வேலை அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கிரேக்கர்களின் வரலாறு பொது அறிவு, யூதர்களின் வரலாறு மட்டும் அவர்கள் வீட்டு விஷயம்! அந்த மறுப்பின் பொருள் இதுதான்.

வெளியில் கட்டிய கல்லூரிகள்

உள்ளே இடம் இல்லாததால் யூதர்கள் தங்கள் பணத்தில் வெளியே கட்டிக்கொண்டார்கள். 1854ல் பிரெஸ்லாவில் ஓர் இறையியல் கல்லூரி. பல தொகுதிகளில் யூத வரலாறு எழுதிய ஹைன்ரிக் கிரேட்ஸ் அங்கேதான் கற்பித்தார். 1872ல் பெர்லினில் யூதவியல் உயர்கல்வி நிறுவனம். "உயர்கல்வி நிறுவனம்" என்ற பெயரைக்கூட 1883ல் அரசு பறித்தது. 1920களில் திரும்பக் கிடைத்த அந்தப் பெயரை நாஜி ஆட்சி மறுபடியும் பறித்தது. 1923ல் எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா வந்து வகுப்பில் உட்கார்ந்தது இங்கேதான். 1935ல் முதல் பெண் ராபியான ரெகினா யோனாஸ் படித்ததும் இங்கேதான். அவர் 1944ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

1938ல் பிரெஸ்லாவ் கல்லூரி மூடப்பட்டது. பெர்லின் நிறுவனத்தை 1942ல் நாஜிகள் மூடினார்கள். கடைசிவரை அங்கே பாடம் நடத்திய ராபி லியோ பேக் 1943ல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவர் உயிர் பிழைத்தார்.

கொடுமை என்னவென்றால், 1941ல் நாஜிகளும் பிராங்க்ஃபர்ட்டில் யூதர்களைப் பற்றி ஓர் "ஆய்வு" நிறுவனம் திறந்தார்கள். ஐரோப்பாவெங்கும் கொள்ளையடித்த யூத நூலகங்களின் புத்தகங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. ஒரு மக்களைப் பற்றிப் படிப்பது மட்டும் போதாது, எதற்காகப் படிக்கிறோம் என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கதவு திறந்தது

கதவு வேறு இடங்களில் திறந்தது. ஜெருசலேமில் 1924ன் இறுதியில் யூதவியல் நிறுவனம் தொடங்கியது. 1925 ஏப்ரலில் எபிரேயப் பல்கலைக்கழகம் முறைப்படி திறக்கப்பட்டது. அதே 1925ல் ஹார்வர்டில் ஹாரி வுல்ஃப்சன் யூத இலக்கியம், தத்துவத்துக்கான இருக்கையில் அமர்ந்தார். 1930ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யூத வரலாற்றுக்குச் சாலோ பாரன் வந்தார். யூத வரலாற்றை வெறும் கண்ணீர்க் கதையாக மட்டும் எழுதக்கூடாது என்று வாதிட்டவர் பாரன். அவருடைய பெற்றோரே பின்னர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். 1961ல் ஐக்மன் வழக்கில் சாட்சி சொன்னபோதும், அழிக்கப்பட்ட சமூகம் எப்படி வாழ்ந்தது என்பதையே அவர் விரிவாக எடுத்துச் சொன்னார்.

ஜெர்மனியில்? மேற்கு பெர்லினின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் 1960களில் யூதவியல் வந்தது. 2013ல் பெர்லினுக்குப் பக்கத்திலுள்ள போட்ஸ்டாம் அரசுப் பல்கலைக்கழகத்தில் யூத இறையியலுக்கென்றே ஒரு பள்ளி திறக்கப்பட்டது. சுன்ஸ் விண்ணப்பித்து 165 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1886ல் சுன்ஸ் இறந்தபோது அவர் கேட்ட இருக்கை ஜெர்மனியில் எங்கும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்றும் இருக்கிறது. எந்த மக்களின் வரலாறு எல்லோருக்கும் பொதுவான பாடம், எது அவர்களுக்கு மட்டுமே சொந்தமான கதை என்று தீர்மானிப்பது யார்?