வானாண்ட நகருயிர்கள்: பாரிய பறக்கும் நகருயிர்கள் தம் ஆற்றலாற் பறந்தனவா?

சுண்டிக்குளக் கடனீரேரியின் கரையில் வைகறை முதல் முற்பகல் வரை நிற்கும் ஒருவர் இருவகைப் பறத்தல்களைக் காணலாம். பூநாரைகள் ஆழமற்ற நீரிற் சிறிது தூரம் ஓடி, கடுமையாகச் சிறகடித்து மேலெழுகின்றன. வெயில் ஏறி நிலஞ் சூடாகிய பின்னர், கூழைக்கடாக்கள் சிறகை அசையாது விரித்தபடி, மேலெழும் வளியில் வட்டமிட்டு உயர்கின்றன. முன்னையது தசையின் ஆற்றலாற் பறத்தல். பின்னையது வளியின் தயவில் மிதத்தல். பாரிய நகருயிர்கள் ஒரு காலத்தில் வானில் உலாவியமை பற்றி அறிஞர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் விவாதம் இவ்வேறுபாட்டையே மையமாகக் கொண்டது. அவை தம் ஆற்றலால் எழுந்து பறந்தனவா? அன்றிக் குன்றின் உச்சியிலிருந்து காற்றிற் சறுக்கி இறங்கினவா? அல்லது அவற்றுட் பெரியவை பறக்கவேயில்லையா?

கலைப்பீட மாணவர் ஒருவருக்கு இவ்விடயத்தில் என்ன அலுவல் என வினவப்படலாம். மறைந்துபோன உயிரொன்றின் ஆற்றலை எஞ்சிய சில என்புகளைக் கொண்டு அளவிடுவதும், மறைந்துபோன சமுதாயமொன்றின் ஆற்றலை எஞ்சிய சில கற்களைக் கொண்டு அளவிடுவதும் முறையியலில் ஒன்றே. ஆதலால் இக்கட்டுரை, விலங்கியற் பிரச்சினையொன்றின் வரலாற்றை வரலாற்று மாணவரின் கண்கொண்டு நோக்க முனைகின்றது.

தெரோசோர்கள் எனப்படும் இவ்வுயிர்கள் ஏறத்தாழ 220 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் டினோசோர்களுடன் மறைந்தன. இவற்றின் சுவடுகளை வன்னி மண்ணில் தேடுவது வீண். வவுனியாப் பகுதியின் பாறைகள் கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்ட உருமாறிய பாறைகள். புவிச்சரிதவியலாளர் அவற்றுக்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயரிட்டுள்ளனர். வடக்கே கிளிநொச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லோ மயோசீன் காலத்தது. முன்னையது மிக முந்தியது. பின்னையது மிகப் பிந்தியது. இடைப்பட்ட ஏடு எமது நூலிற் கிழிந்துபோயுள்ளது. புத்தளத்துக்கு அண்மையிலுள்ள தப்போவையில் யுராசிக் காலப் படிவுகள் உள. அவை தாவர உயிர்ச்சுவடுகளுக்கே பெயர்பெற்றவை. இந்தியாவின் கோதாவரிப் பள்ளத்தாக்கிற் கிடைத்த சிறு தாடைத் துண்டொன்றை எஸ். எல். ஜெயின் 1974இற் பறக்கும் நகருயிருடையதென விவரித்தார். அது அவ்வுயிருடையதுதானா என்பதே பின்னர் ஐயத்துக்குள்ளாயிற்று. ஆயின், என்பு தராத இந்திய மண் இவ்விவாதத்துக்கு வேறொரு பங்களிப்பை நல்கியது. அதனைப் பின்னர் நோக்குவோம்.

இவ்வுயிரின் முதலாவது வன்கூட்டை 1784இல் விவரித்தவர் கொலினி. ஜேர்மனியின் சோல்ன்கோபன் சுண்ணாம்புக்கல்லிற் கிடைத்த அது கடல்வாழ் உயிராயிருக்கலாம் என அவர் எண்ணினார். 1801இற் பிரான்சிய அறிஞர் கியூவியே, அது பறக்கும் நகருயிரே எனத் துணிந்தார். நீண்ட ஒற்றைவிரல் சவ்வுச் சிறகைத் தாங்கியதென்பது அவர் முடிவு. ஆயினும் விவாதம் ஓயவில்லை. 1812இற் சோமறிங் அதனை வௌவாலையொத்த முலையூட்டி என்றார். 1830இல் வாக்லர் அச்சிறகுகளை நீந்துதற்குரிய துடுப்புகளாகக் கொண்டார். பின்னர் இங்கிலாந்தில் றிச்சட் ஓவன் இவற்றைக் குளிர்குருதியுடைய மந்தமான நகருயிர்களாகக் கண்டார். சீலியோ பறவைகளுக்கு நிகரான வெப்பக்குருதியும் உயிர்த்துடிப்பும் உடையனவாகக் கண்டார். இருவர் முன்னிருந்த என்புகளும் ஒரே வகையினவே. வேறுபட்டது, ‘நகருயிர்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒவ்வொருவர் மனத்திலும் தோன்றிய படிமமே.

பருமன் பற்றிய பிரச்சினை அமெரிக்காவில் எழுந்தது. கன்சாஸ் மாநிலத்தின் சுண்ணப் படிவுகளில் 1870 முதற் பெரிய சிறகென்புகள் கிடைத்தன. 1876இல் மார்ஷ் அவ்வுயிருக்குத் தெரனோடன் எனப் பெயரிட்டார். அதன் சிறககலம் ஆறு, ஏழு மீற்றர் வரை சென்றது. இத்துணைப் பெரிய உடலைத் தசைகள் தூக்கியிருக்க முடியுமா?

இவ்விடத்திலேயே ஆக்ரா நகர் இவ்வரலாற்றினுட் புகுகின்றது. அங்கு அரசாங்க இரசாயனப் பரிசோதகராகக் கடமையாற்றிய ஏர்னஸ்ற் ஹங்கின், கங்கை யமுனை நீரானது வாந்திபேதிக் கிருமிகளை அழிக்கவல்லதென 1896இல் எழுதி மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றவர். அவரே ஆக்ராவின் வானில் வட்டமிட்ட பருந்துகளையும் பிணந்தின்னிக் கழுகுகளையும் ஆண்டுக்கணக்காக அவதானித்து, 1913இல் விலங்குகளின் பறத்தல் பற்றி நூலொன்றை வெளியிட்டார். காலையிற் பருந்துகள் முதலில் மிதக்கத் தொடங்குவதையும், பாரங்கூடிய கழுகுகள் வெயில் மேலும் ஏறிய பின்னரே தொடங்குவதையும் அவர் நேரங் குறித்துப் பதிவுசெய்தார். மறு ஆண்டில் வாற்சன் என்ற உயிர்ச்சுவட்டியலாளருடன் இணைந்து, தெரோசோர்களின் பறத்தல் பற்றி வானூர்தியியற் சஞ்சிகையொன்றில் எழுதினார். தெரனோடன் சிறகடித்தலிலும் பார்க்க மிதத்தலையே நம்பி வாழ்ந்தது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. இந்தியக் கழுகு, அமெரிக்க நகருயிருக்குச் சாட்சியாக நின்றது.

இக்கருத்து நீண்டகாலம் நிலைத்தது. 1974இற் பிராம்வெல், விற்பீல்ட் ஆகிய இருவர், தெரனோடனின் நிறையை ஏறத்தாழ 17 கிலோகிராம் எனக் கணித்து, மெல்லிய காற்றிலே மெதுவாக மிதக்கும் உயிராக அதனைச் சித்திரித்தனர். சறுக்குவானூர்தியை ஒத்த அச்சித்திரம், மனிதன் தான் செய்த பொறிகளின் சாயலிலேயே பண்டை உயிர்களையும் காண்கிறான் என்பதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அடுத்த ஆண்டே விவாதம் புதிய கட்டத்தை அடைந்தது. ரெக்சாஸ் பல்கலைக்கழக மாணவரான டக்ளஸ் லோசன், 1971இற் கண்டெடுத்த சிறகென்புகளைப் பற்றி 1975இல் எழுதினார். மெக்சிக்கோவின் சிறகுடைய நாகதெய்வத்தின் பெயரால் அவ்வுயிர் குவெற்சல்கோற்றலஸ் எனப்பட்டது. முதலிற் சிறககலம் 15 மீற்றருக்கு மேல் எனக் கருதப்பட்டது. இன்று 10 முதல் 11 மீற்றர் வரை எனக் கொள்ளப்படுகின்றது. நிமிர்ந்து நின்றால் ஒட்டகச்சிவிங்கியின் உயரம். இது பறந்திருக்குமா?

இயலாது என்போரின் வாதம் எளிமையானது; அதனாலேயே வலிமையானது. ஓர் உடலின் நீளம் இருமடங்காகுமிடத்துச் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும்; நிறையோ எட்டு மடங்காகும். ஆகவே பருமன் கூடக்கூடப் பறத்தல் கடினமாகும். இன்றுள்ள பறக்கவல்ல பறவைகளுட் பாரமானவை ஏறத்தாழ 18 கிலோகிராமுடன் நின்றுவிடுகின்றன. 2009இல் யப்பானிய ஆய்வாளர் சாற்றோவும் குழுவினரும் அல்பற்றோஸ் முதலிய கடற்பறவைகளின் சிறகடிப்பை அளந்து, ஏறத்தாழ 40 கிலோகிராமுக்கு மேற்பட்ட உயிர் மிதந்து பறத்தலைத் தொடர இயலாதென முடிவுகட்டினர். 2010இல் ஹென்டர்சன், குவெற்சல்கோற்றலசின் நிறை 500 கிலோகிராமை விஞ்சும் எனக் கணித்து, அது பறக்காத உயிராயிருக்கலாம் என்றார்.

இவ்வாதத்தின் அடித்தளத்தைச் சற்றுத் துருவி நோக்குதல் வேண்டும். பாரிய தெரோசோர் பெருத்த பறவையே என்பது அதன் மறைமுகமான எடுகோள். பறவை தன் கால்களால் உந்தி எழுகின்றது. எழுந்தபின் அக்கால்கள் வெறுஞ் சுமையே. பருமன் கூடினால் எழுதற்குரிய கால்களும் தடிக்க வேண்டும், சுமையும் கூடும். தெரோசோர்களோ நாற்காலால் நடந்தவை. பிரான்சின் கிறேசாக்கிற் கிடைத்த அடிச்சுவடுகள் இதனை ஐயமற நிறுவியுள்ளன. அவற்றின் முன்கை என்புகள் பின்கால் என்புகளிலும் மிக வலியனவாயிருந்தமையைச் சுட்டிய ஹபீப், அவை நான்கு கால்களாலும் உந்தி, முன்கைகளின் விசையால் வானுக்கு எழுந்திருக்க வேண்டும் என 2008இல் வாதிட்டார். குருதியுறிஞ்சும் வௌவால் இன்றும் முன்கைகளால் உந்தியே நிலத்திலிருந்து எழுகின்றது. எழுதற்கும் பறத்தற்கும் ஒரே தசைகள் பயன்படின், பறவைக்குரிய எல்லை இவற்றுக்குப் பொருந்தாது. நிறை பற்றிய கணிப்பும் திருத்தப்பட்டது: 2010இல் விற்றனும் ஹபீப்பும் அதனை 200 முதல் 250 கிலோகிராம் வரை எனக் கொண்டனர்.

என்புகளும் இதற்கே சான்று பகர்கின்றன. அவை உள்ளே வளி நிரம்பிய, மெல்லிய சுவருடைய குழாய்கள். புயவென்பிற் பறத்தற் தசைகள் பற்றுதற்குரிய பெரிய முகடு உள்ளது. பறத்தலைக் கைவிட்ட உயிர்களின் சிறகு காலப்போக்கிற் குன்றும். தீக்கோழி இதற்குச் சான்று. குவெற்சல்கோற்றலசின் சிறகோ குன்றவில்லை. பயன்படாத உறுப்பொன்றை இத்துணைச் செம்மையாகக் கூர்ப்பு பேணிவந்தது என்பது நம்பற்கரியது.

எனினும் எல்லா ஐயங்களும் தீர்ந்துவிடவில்லை. 2021இல் வெளிவந்த விரிவான ஆய்வுத்தொகுதி, அது பின்கால்களாற் பாய்ந்தெழுந்து சிறகடித்தது என்ற மாற்றுக் கருத்தை முன்வைத்தது. 2022இற் கோற்றோவும் குழுவினரும், அது மேலெழும் வளியில் மிதப்பதற்கு ஏற்றதன்று, குறுந்தூரமே பறந்திருக்கும் என்றனர். இங்கு வேடிக்கையொன்று உண்டு. சிறகடிக்க மாட்டாது, மிதக்கவே வல்லது என்ற ஹங்கின் காலத்து எண்ணம், சிறகடித்துச் சிறிது தூரம் செல்லவல்லது, மிதக்க மாட்டாது எனத் தலைகீழாயிற்று. ஆயின் இவ்விரு சாராரும் ‘பறந்தது’ என்பதில் உடன்படுகின்றனர். தன் ஆற்றலால் எழுந்தது என்பதே இன்று பெரும்பாலார் கொள்ளும் முடிவு; எவ்வாறு எழுந்தது, எத்துணைத் தூரஞ் சென்றது என்பனவே எஞ்சிய வினாக்கள்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? இயலாது என்றோர் அறிவிலிகளல்லர். அவர்களின் கணக்கும் பிழையன்று. இன்று காணப்படும் மிகப் பெரியதே என்றும் இருந்திருக்கக்கூடிய மிகப் பெரியது என அவர்கள் கொண்ட எடுகோளே பிழைத்தது. நிகழ்காலத்தை அளவுகோலாக்கி இறந்தகாலத்தைக் குறுக்கும் இவ்வழு உயிரியலுக்கு மட்டும் உரியதன்று. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி பற்றிய கைந்நூல், காட்டினுட் கைவிடப்பட்டுக் கிடந்த குளங்களைப் பதிவுசெய்கின்றது. அன்று அங்கிருந்த குடிகளை மட்டும் கண்ட ஒருவர், இவர்களின் முன்னோரா இக்குளங்களைக் கட்டினர் என ஐயுற்றிருப்பின் வியப்பில்லை. போருக்குப் பின்னான வன்னியை மட்டும் கண்டு, இம்மண் எதற்கு வல்லது எனத் தீர்ப்புக் கூறுவோர் இன்றும் உளர். அணைக்கட்டும் என்பும் ஒன்றையே கூறுகின்றன: எஞ்சியிருப்பதைக் கொண்டு இருந்ததை ஆராயலாம், எஞ்சியிருப்பதே இருந்ததன் எல்லை எனக் கொள்ளலாகாது.

சுண்டிக்குளத்துக் கூழைக்கடா வட்டமிட்டு உயர்வதை நோக்கி மகிழ்வோம். ஆயின் அதன் சிறககலத்தை வானத்தின் அளவாகக் கொள்ளாதிருப்போமாக.