சேதுக்கடல் நீச்சலும் கூடவே வந்த படகும்

பெரிய கம்பெனிகளில் சேல்ஸ் டீமுக்கு உற்சாகம் கொடுக்க வேண்டுமென்றால் விளையாட்டு வீரர் ஒருவரை அழைத்துப் பேச வைப்பது இப்போது வழக்கம். "விழுந்தேன், எழுந்தேன், விடவில்லை" என்று அவர் சொல்வார். கேட்பவர்கள் கைதட்டிவிட்டு அடுத்த மாத டார்கெட்டை நோக்கிப் போவார்கள்.

இப்படிப் பேச்சாளரானவர்களில் புகழ்பெற்றவர் பிரிட்டன் ஓட்டக்காரர் டெரெக் ரெட்மண்ட். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதியில் பாதி வழியில் அவருடைய தொடைத் தசை கிழிந்தது. நொண்டிக்கொண்டே ஓடினார். அவருடைய அப்பா ஜிம், காவலர்களைத் தாண்டி ஓடுதளத்துக்குள் வந்து, மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு எல்லைக்கோடு வரை கூட்டிப் போனார். பதிவேட்டில் ரெட்மண்ட் ஓட்டத்தை முடிக்காதவர்தான். ஆனால் அந்தக் காட்சியை உலகம் மறக்கவில்லை.

இது விடாமுயற்சியின் கதை. தோள் கொடுத்தவரின் கதையும்தான். இரண்டாவது பாதியைப் புரிந்துகொள்ள பார்சிலோனா வரை போக வேண்டாம், ராமநாதபுரம் கடற்கரையே போதும்.

ராமநாதபுரத்துக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் இருக்கிறது திருப்புல்லாணி. கடலைக் கடக்க வழி கேட்டு ராமர் தர்ப்பைப் புல்லின்மேல் மூன்று நாள் கிடந்தார் என்பது தலபுராணம். பக்கத்தில் உள்ள சேதுக்கரையில்தான் அணை தொடங்கியது என்பார்கள். அந்தக் கதையிலும் ராமர் தனியாகக் கடலைக் கடக்கவில்லை. நளன் அணை கட்ட, வானரங்கள் கல் சுமந்தன.

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கி.மீ. கடல். நீரோட்டம் பலமானது, ஜெல்லி மீன்களும் உண்டு. 1966 ஏப்ரல் 5, 6 தேதிகளில் இதை நீந்திக் கடந்தார் மிஹிர் சென். ஆன நேரம் 25 மணி 36 நிமிடம்! அவர் கரையேறியபோது தனுஷ்கோடி, 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன ஊர்.

மிஹிர் சென் வங்காளத்துக்காரர். லண்டனில் சட்டம் படித்தவர். சில முறை தோற்ற பிறகு, 1958 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திய முதல் இந்தியரானார். 1966-ல் சேதுக்கடலுக்குப் பிறகு ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என ஒரே ஆண்டில் மொத்தம் ஐந்து நீர்வழிகளைக் கடந்தார்.

இனி வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பக்கம். சேதுக்கடலில் வழிகாட்டவும் நேரத்தைப் பதிவு செய்யவும் கடற்படையின் உதவி தேவைப்பட்டது. அதற்கு 45,000 ரூபாய் திரட்ட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை போன்ற புரவலர்களால் பாதி கிடைத்தது. மீதிக்கு வழி செய்தவர் பிரதமர் இந்திரா காந்தி. அதாவது, அவர் தண்ணீரில் கால் வைக்கும் முன்பே ஒரு பட்ஜெட்டும் ஒரு டீமும் தயாராக இருந்தன.

சென் பிறகு கொல்கத்தாவில் பட்டு ஏற்றுமதியில் பெரிய வியாபாரியானார். அந்தத் தொழில் பின்னாளில் நொடித்துப்போனது. கடைசி ஆண்டுகளில் நினைவாற்றலும் போய், 1997-ல் காலமானார். கடலில் கைகொடுத்த அதே மன உறுதி அவரிடம் இருந்தும், தொழிலைக் காப்பாற்ற அது மட்டும் போதவில்லை.

பாக் நீரிணையின் வேறொரு பாதையில் இவருக்கு முன்பே நீந்தியவர் இலங்கைத் தமிழர் நவரத்தினசாமி. தொண்டைமானாற்றைச் சேர்ந்த அவர் 1954-ல் கோடிக்கரை வரை நீந்தினார். 1971-ல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அங்கிருந்து கோடிக்கரைக்குப் போய்த் திரும்பவும் நீந்தி வந்தார். எடுத்துக்கொண்டது 51 மணி நேரம். இதே ஆனந்தன் 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் விடாமுயற்சிக்குள் அடங்கிய கேள்விதான்.

அடுத்து நம் ஈரோட்டுக் குற்றாலீஸ்வரன். 1994-ல் சேதுக்கடலைக் கடந்தபோது வயது 12. அந்த ஒரே ஆண்டில் ஆறு நீர்வழிகளைக் கடந்து சென்னின் சாதனையை முறியடித்தார். 1996-ல் அர்ஜுனா விருதும் வந்தது. ஆனாலும் போதிய ஸ்பான்சர் இல்லாமல் சில ஆண்டுகளில் நீச்சலை விட்டுப் பொறியியல் படிக்கப் போனார். மன உறுதி குறைந்தா போனது? இல்லை, கூட வரும் படகுக்குப் பணம் இல்லை!

நெடுந்தூரக் கடல் நீச்சலில் ஒரு விதி உண்டு. நீந்துபவர் படகைத் தொடக்கூடாது, தொட்டால் முயற்சி செல்லாது. ஆனால் படகு இல்லாமல் யாரையும் கடலில் இறக்குவதில்லை. திசை பார்ப்பது, உணவு நீட்டுவது, ஆபத்து என்றால் தூக்கிவிடுவது எல்லாம் படகில் இருப்பவர்களின் வேலை.

ஊழியர்களிடம் "விடாதே, நீந்து" என்று சொல்ல ஆள் அழைக்கும் நிர்வாகங்கள் இந்த விதியின் இரண்டு பாதியையும் படிக்க வேண்டும். கை வீச வேண்டியது ஊழியர்தான், அதில் சந்தேகமில்லை. படகை அனுப்ப வேண்டியது யார்? அடுத்த முறை ஒரு வீரர் மேடையேறிப் பேசும்போது, "உங்களோடு படகில் வந்தவர்கள் யார்?" என்று யாராவது கேட்டால், பயனுள்ள பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.